மீன்தொட்டியின் ஜீவ வடிபொருள்

கண்ணாடித் தொட்டியில் வளரும் மீன்களின் கழிவிலும் மிஞ்சிய இரையிலும் பிறக்கும் அம்மோனியா என்னும் விஷத்தை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் அதனினும் தீங்கு மிகக் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்ற சூக்ஷ்ம ஜீவிகள் பற்றிப் படர்ந்து வாழ்வதற்கென வடிகட்டியினுள் இடப்படும் பொருள் ஜீவ வடிபொருள் எனப்படும். கடைவீதியில் இதன் பெயர் பயோ மீடியா. மண்ணில் நிகழும் இதே கிரியையை 1890-ஆம் ஆண்டையொட்டி ருஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினொகிராட்ஸ்கி ஆராய்ந்து விளக்கினார்.

பீங்கான் வளையம், எரிமலைக் கல், ஸ்பாஞ்சு, பிளாஸ்டிக் உருண்டை ஆகியவற்றுள் எது சிறந்தது என்ற விவாதத்தில் விற்பனையாளர் பெரிதும் புகழ்வது நுண்துளைகளின் மொத்தப் பரப்பையே; ஆயினும் பிராணவாயு கலந்த நீர் தடையின்றிப் புகாத துளை இந்த ஜீவிகளுக்குப் பிரயோஜனப்படாதாகையால், சிறு தொட்டிக்கு மலிவான ஸ்பாஞ்சே போதுமென்பது எம் கருத்து. வடிபொருளாக இடும் பவளத் துண்டுகள் நீரின் கடினத்தையும் காரத்தையும் உயர்த்துமாதலின், மென்னீர் விரும்பும் மீன்களுக்கு ஆகா.

புதிய தொட்டியில் இந்த ஜீவிகள் நிலைபெற ஏறக்குறைய 4 முதல் 6 வாரம் செல்லும்; நோயற்ற பழைய தொட்டியின் ஸ்பாஞ்சுத் துண்டொன்றை இட்டால், பாலுக்கு உறை ஊற்றினாற்போலக் காலம் குறுகும். வடிபொருளைக் குளோரின் கலந்த குழாய்நீரில் பளிச்செனக் கழுவுவோர் அழுக்கோடு இந்த ஜீவிகளையும் அழித்துவிடுகின்றனர். நீரோட்டம் தளர்ந்தபோது மட்டும், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே, ஒரு முறைக்குப் பாதிக்கு மேற்படாமல் மெல்ல அலசுதல் வேண்டும். மின்சாரம் பல மணி நேரம் நின்றுபோன மூடிய வடிகட்டியை, உள்ளே தேங்கிய நீரைக் கொட்டிய பின்னரே மீண்டும் இயக்குதல் தகும்.