பழவேற்காட்டில் கப்பலேற்றப்பட்டவர்கள்

பழவேற்காட்டுக்கு வரலாற்றுச் சுற்றுலா வரும் மாணவர்களுக்கு டச்சுக் கல்லறைகளையும் கோட்டை இருந்த மேட்டையும் காட்டுகிறார்கள். இந்தியாவுக்கும் நெதர்லாந்துக்கும் நானூறு ஆண்டு உறவு என்று சொல்லி, பூநாரை பார்க்க ஏரிக்கு அழைத்துப் போகிறார்கள். அந்த உறவில் துணி இருந்தது, வெடிமருந்து இருந்தது, நாணயச்சாலை இருந்தது. நம் மனிதர்களை விற்ற கணக்கும் இருந்தது. அதைத்தான் யாரும் காட்டுவதில்லை.

டச்சுக் கிழக்கிந்திய நிறுவனம் 1602-இல் தொடங்கியது. 1610-இல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி பெற்றுப் பழவேற்காட்டில் கால்வைத்தது. 1612-இல் சாந்தோம் போர்ச்சுக்கீசியர் அந்தப் பண்டகசாலையைத் தாக்கினார்கள். மறு ஆண்டே கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையின் டச்சு வணிகம் பெரும்பாலும் இங்கிருந்துதான் ஆளப்பட்டது.

ஏன் இந்த ஊர்? கிராம்பும் சாதிக்காயும் விளைந்த இந்தோனேசியத் தீவுகளில் ஐரோப்பியச் சரக்கை வாங்க ஆளில்லை. அங்கே கேட்டது நம் கரையின் துணியை. நம் நெசவாளர் துணியைக் கொடுத்து அங்கே வாசனைப் பொருளை வாங்கி, அதை ஐரோப்பாவில் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். பள்ளிப் பாடம் இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. நாம் அடுத்த பக்கத்தைப் புரட்டுவோம்.

1621-இல் யான் பீட்டர்ஸ்சோன் கூன் தலைமையில் டச்சுப் படை சாதிக்காய் விளையும் பாண்டா தீவுகளைப் பிடித்தது. அந்தத் தீவு மக்களில் பெரும்பாலானோர் கொல்லப்பட்டனர் அல்லது துரத்தப்பட்டனர். தோட்டம் டச்சுக்காரருக்கு வந்தது, வேலை செய்ய ஆளில்லை. 1619-இல் உருவான பத்தாவியா நகரத்துக்கும் கூலியில்லாத கைகள் தேவைப்பட்டன. அந்தக் கைகளைத் தேடிக் கப்பல்கள் நம் கரைக்கு வந்தன.

மழை பொய்த்த 1622-23-இல் மட்டும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து ஏறத்தாழ 1,900 பேர் ஏற்றப்பட்டனர். பணம் இருந்திருந்தால் இன்னும் 2,000 பேரை வாங்கியிருக்கலாம் என்று நிறுவன அதிகாரிகள் வருத்தப்பட்டார்கள். 1659-61-இல் தஞ்சைச் சீமையைப் படையெடுப்பும் பஞ்சமும் சூறையாடியபோது நாகப்பட்டினம், பழவேற்காடு உள்ளிட்ட இடங்களில் வாங்கப்பட்டவர்கள் 8,000 முதல் 10,000 பேர். பெரும்பாலோர் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர்.

பஞ்சம் எல்லோரையும் ஒரேமாதிரி தொடுவதில்லை. நிலம் உள்ளவனிடம் குதிர் இருக்கும், விற்க நகை இருக்கும். நிலமே மறுக்கப்பட்டவனிடம் விற்க மிஞ்சியது தன் உடம்பும் பிள்ளையும்தான். தோழர்களே, அடிமை முறையை டச்சுக்காரன் கொண்டுவரவில்லை. பறையரையும் பள்ளரையும் நிலத்தோடு சேர்த்துக் கைமாற்றும் பண்ணையடிமை முறை இங்கேயே இருந்தது. பிடித்துத் தர உள்ளூர்த் தரகர்களும் இருந்தார்கள். அடிமை முறைக்கு இருந்த சட்ட அங்கீகாரம் 1843-இல்தான் நீக்கப்பட்டது. சாதி மனிதரை விலைப்பொருளாக்கி வைத்திருந்தது, நிறுவனம் அதைக் கடல் தாண்டி விற்றது.

இவர்களில் ஒருவரின் வாழ்க்கை ஏடுகளில் தங்கியிருக்கிறது. பத்தாவியாவில் அடிமையாக இருந்த அந்தப் பெண்ணின் பெயரை 'பழவேற்காட்டுக் கத்தரினா' என்றே எழுதியிருக்கிறார்கள். தன்னை அடித்த ஓர் ஆணை அவர் திருப்பித் தாக்கினார், அவன் இறந்தான். மரண தண்டனை விதித்து, பிறகு அதை நாடுகடத்தலாக மாற்றினார்கள். 1657-இல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே துணி வெளுத்துப் பிழைத்தார், பின்னர் விடுதலையும் பெற்றார். அவருடைய மகன் வழியில் வந்தது ஸ்னைமன் என்னும் பெரிய ஆப்பிரிக்கானர் குடும்பம். வெள்ளையர் என்று இனவெறி அரசு பட்டியலிட்டவர்கள் பலருக்குப் பாட்டி நம் ஊர்க்காரி.

2022 டிசம்பர் 19 அன்று நெதர்லாந்துப் பிரதமர் மார்க் ருட்டே அடிமை முறைக்காக மன்னிப்புக் கேட்டார். ஆசியாவில் நிறுவனத்தின் அதிகாரப் பகுதிகளில் 6,60,000 முதல் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விற்கப்பட்டதாக அந்த உரையிலேயே சொன்னார். சுரினாம், கரீபியன் மக்களின் மொழிகளிலும் மன்னிப்பைச் சொன்னார். தமிழில் சொல்லவில்லை. சொல்லும்படி இங்கிருந்து யாரும் கேட்கவும் இல்லை. ராஜராஜன் காலத்துக் கொடையைச் சொல்லும் ஆனைமங்கலம் செப்பேடுகள் லெய்டனுக்குப் போனது நமக்குத் தெரியும். அரசனின் செப்பேட்டைத் தேடும் நாம், அதே கடலில் போன மனிதரைத் தேடியதில்லை.

இது பழங்கதை அல்ல. பழவேற்காடு ஏரியில் யார் எங்கே வலை போடலாம் என்பதை முடிவு செய்யும் பாடு முறையில் பட்டினவர் ஊர்களுக்கே பங்கு. தலித் மக்களும் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளரும் அதற்கு வெளியே நிற்கிறார்கள். நீருக்கும் நிலத்துக்கும் உரிமை இல்லாதவர்தான் அன்று கப்பலேற்றப்பட்டார்கள். அந்த உரிமை இன்றும் பிறப்பைப் பார்த்தே கிடைக்கிறது.

மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. டச்சு ஏடுகள் நெதர்லாந்தில் மட்டுமல்ல, சென்னை ஆவணக் காப்பகத்திலும் உள்ளன. உங்களில் ஒருவராவது பழைய டச்சு படியுங்கள். கல்லறைகளுக்குப் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று பலகை வைத்திருக்கும் தொல்லியல் துறையிடம், கல்லறைகூட இல்லாதவர்களுக்கும் ஒரு பலகை கேளுங்கள். அதில் முதல் பெயராகக் கத்தரினாவை எழுதச் சொல்லுங்கள்.