ஸ்கேன் அறைக்கு முன் கேட்கப்படும் கேள்விகள்: ஒரு வரலாறு

எக்ஸ்-ரே, சி.டி., எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட் ஆகிய பரிசோதனைகளுக்கு முன் நோயாளியிடம் சில கேள்விகள் கேட்கப்படுகின்றன. சில ஆயத்தங்களும் செய்யச் சொல்லப்படுகின்றன. வெறும் வயிற்றில் வர வேண்டும், நகைகளைக் கழற்ற வேண்டும், கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், கிரியேட்டினின் பரிசோதனை முடிவைக் காட்ட வேண்டும் என்று அந்தப் பட்டியல் நீளும். காத்திருப்பவர்களுக்கு இது வெறும் சம்பிரதாயமாகத் தோன்றலாம். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை இயந்திரங்கள் புழக்கத்துக்கு வந்து பல ஆண்டுகள் கழித்தே சேர்க்கப்பட்டன. பல கேள்விகளுக்குப் பின்னால் யாரோ ஒருவருக்கு நேர்ந்த தீங்கு இருக்கிறது.

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்லெம் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே உலகின் பல நகரங்களில் படங்கள் எடுக்கப்பட்டன. யாருக்கு எடுக்கலாம், யாருக்கு எடுக்கக் கூடாது என்ற கேள்வியே அப்போது எழவில்லை. பொருட்காட்சிகளில் வேடிக்கையாகவும் கை எலும்புகளைக் காட்டினார்கள். தாமஸ் எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி கதிர்வீச்சுப் புண்களால் கைகளை இழந்து 1904-இல் இறந்தார். அதன் பிறகும் இயக்குபவரின் பாதுகாப்பு பற்றித்தான் பேச்சு இருந்தது. படமெடுக்கப்படுபவரைப் பற்றி அவ்வளவாக இல்லை. பிற்காலத்தில் ஐரோப்பிய, அமெரிக்கச் செருப்புக் கடைகளில் குழந்தைகளின் கால் அளவு பார்க்க எக்ஸ்-ரே பெட்டிகள் இருந்தன. அவை 1950கள் வரை புழக்கத்தில் இருந்தன என்பது அந்தக் கால மனநிலையைக் காட்டும்.

வெறும் வயிறு

எலும்பை எக்ஸ்-ரே எளிதாகக் காட்டியது. குடலையும் பித்தப்பையையும் காட்டவில்லை. கதிரைத் தடுக்கும் ஏதாவது ஒரு பொருளை உள்ளே செலுத்த வேண்டியிருந்தது. தொடக்கத்தில் பிஸ்மத் சப்நைட்ரேட் கலந்த உணவைக் கொடுத்தார்கள். குடல் பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றியதால் சிலர் நஞ்சேறி இறந்தனர். 1910-ஆம் ஆண்டளவில் அதன் இடத்துக்குப் பேரியம் சல்பேட் வந்தது.

சாப்பிடாமல் வரச் சொல்லும் வழக்கத்துக்கு ஒரு நாய் காரணமானது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் எவார்ட்ஸ் கிரகாமும் இளம் மருத்துவர் வாரன் கோலும் பித்தப்பையைப் படமெடுக்க முயன்றுகொண்டிருந்தனர். கல்லீரல் வழியாகப் பித்தநீரில் வெளியேறும் ஒரு சாயத்தில் புரோமின் அணுக்களைச் சேர்த்து நாய்களுக்கு ஊசி மூலம் செலுத்தினர். நாய் மேல் நாயாகத் தோல்வி. 1923-இல் ஒரே ஒரு நாயின் படத்தில் மட்டும் பித்தப்பை தெளிவாகத் தெரிந்தது. அந்த நாயிடம் என்ன வேறுபாடு என்று கோல் விசாரித்தபோது, நாய்களைப் பராமரித்த பணியாளர் அன்று காலை அதற்கு உணவு வைக்கவில்லை என்று தெரியவந்தது. உணவு உண்டால் பித்தப்பை சுருங்கித் தன் பித்தநீரைக் குடலுக்குள் வெளியேற்றிவிடும். பட்டினியாக இருந்தால் சாயம் அங்கே தங்கி அடர்த்தியாகும். பித்தப்பையைச் சுருங்கச் செய்யும் கோலிசிஸ்டோகைனின் என்ற இயக்குநீர் 1928-இல்தான் கண்டறியப்பட்டது.

அந்தச் சாயப் பரிசோதனை இன்று வழக்கில் இல்லை. அல்ட்ராசவுண்டுக்குச் சாயமும் தேவையில்லை. ஆயினும் வயிற்று ஸ்கேனுக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்வது அதே காரணத்துக்காகத்தான்: சுருங்கிய பித்தப்பையில் கல் இருந்தாலும் கண்ணில் படாமல் போகலாம். கருப்பை ஸ்கேனுக்கு மாறாக, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்கிறார்கள். நிரம்பிய சிறுநீர்ப்பை, காற்று நிறைந்த குடலை ஒதுக்கி ஒலி அலைகளுக்கு வழிவிடுகிறது.

கர்ப்பமா என்ற கேள்வி

இந்தக் கேள்விக்குத்தான் நீண்ட வழக்கு நடந்தது. 1950களின் தொடக்கத்தில் கர்ப்பிணிகளுக்கு எக்ஸ்-ரே எடுப்பது நல்ல மகப்பேற்று மருத்துவத்தின் அடையாளமாகவே கருதப்பட்டது. குழந்தை தலைகீழாக இருக்கிறதா, இரட்டையா, தாயின் இடுப்பெலும்பு பிரசவத்துக்குப் போதுமான அகலம் கொண்டதா என்று பார்க்க வேறு வழி இருக்கவில்லை.

அதே காலத்தில் பிரிட்டனில் குழந்தைகளிடையே இரத்தப் புற்றுநோய் இறப்புகள் கூடிவந்தன. குறிப்பாக 2 முதல் 4 வயதுக் குழந்தைகளிடம் ஓர் உச்சம் தெரிந்தது. ஆக்ஸ்போர்டில் சமூக மருத்துவத் துறையில் இருந்த ஆலிஸ் ஸ்டூவர்ட், அவ்வளவு சிறு வயதில் வரும் நோயின் காரணம் பிறப்புக்கு முன்பே இருக்கலாம் என்று கருதினார். அப்படியானால் கேட்க வேண்டியது தாய்மாரிடம். மருத்துவர்கள் மறந்ததைத் தாய்மார் நினைவில் வைத்திருப்பார்கள். ஆய்வுக்குக் கிடைத்த தொகை மிகச் சிறியது, 1,000 பவுண்ட். அதைக் கொடுத்தது லேடி டாட்டா நினைவு அறக்கட்டளை. 1931-இல் இரத்தப் புற்றுநோயால் இறந்த தம் மனைவி மெஹர்பாயின் நினைவாக மும்பையின் தோராப்ஜி டாட்டா நிறுவியது அது.

பணம் போதாததால் நாடெங்கும் உள்ள உள்ளூர்ச் சுகாதார அலுவலர்களின் உதவியை ஸ்டூவர்ட் கேட்டுப் பெற்றார். 1953 முதல் 1955 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புற்றுநோயால் இறந்த, 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் தாய்மாரை அவர்கள் தேடிச் சென்றனர். அதே பகுதியில் நலமாக வாழும் குழந்தைகளின் தாய்மாரிடமும் அதே கேள்விகளைக் கேட்டனர். முதல் சில பத்துப் படிவங்களிலேயே வேறுபாடு புலப்பட்டது. கர்ப்ப காலத்தில் வயிற்றில் எக்ஸ்-ரே எடுத்துக்கொண்டதாகச் சொன்னவர்கள், இறந்த குழந்தைகளின் தாய்மாரில் ஏறத்தாழ இரு மடங்கு இருந்தனர். முதற்கட்ட முடிவுகள் 1956-இல் லான்செட் இதழிலும், முழு ஆய்வு 1958-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலிலும் வெளிவந்தன.

எதிர்ப்பு எழுந்தது, அது காரணமற்றதும் அல்ல. குழந்தையைப் பறிகொடுத்த தாய் கர்ப்ப கால நிகழ்வு ஒவ்வொன்றையும் தோண்டித் துருவி நினைத்துப் பார்ப்பாள். நலமான குழந்தையின் தாய் மறந்திருப்பாள். எனவே வேறுபாடு நினைவில்தான், நோயில் இல்லை என்பது ஒரு வாதம். புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவிப் புகழ்பெற்ற ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லும் கோர்ட் பிரவுனுடன் சேர்ந்து, கர்ப்பத்தில் எக்ஸ்-ரே எடுத்துக்கொண்ட சுமார் 39,000 பெண்களின் குழந்தைகளைப் பின்தொடர்ந்தனர். இரத்தப் புற்றுநோய் கூடவில்லை என்று 1960-இல் அறிவித்தனர். அவ்வளவு பெரிய பெயர்களின் முன் ஸ்டூவர்ட்டின் முடிவு ஆட்டம் கண்டது.

நினைவை விட்டு ஆவணத்தைப் பார்த்தவர் ஹார்வர்டின் பிரையன் மக்மஹோன். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் 37 மருத்துவமனைகளில் பிறந்த 7 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளிலிருந்து அவர் 1962-இல் முடிவை வெளியிட்டார். கருவில் எக்ஸ்-ரே பட்ட குழந்தைகளிடம் புற்றுநோய் இறப்பு சுமார் 40 சதவீதம் அதிகம். எக்ஸ்-ரேயைப் பிறப்புக்கு முன்பே மருத்துவமனை எழுதிவைத்திருந்ததால் நினைவுப் பிழை என்ற வாதம் அங்கே செல்லவில்லை.

அப்போதும் ஓர் ஐயம் மிஞ்சியது. ஏதோ கோளாறு இருந்ததால்தானே அந்தக் கர்ப்பிணிகளுக்கு எக்ஸ்-ரே எடுத்தார்கள்? அந்தக் கோளாறே புற்றுநோய்க்கும் காரணமாக இருக்கலாமே? இதற்கு விடை இரட்டைக் குழந்தைகளிடம் கிடைத்தது. இரட்டை என்ற சந்தேகமே எக்ஸ்-ரே எடுக்கப் போதுமானதாக இருந்தது. தாய்க்கு நோய் இருக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் இரட்டையரில் 55 சதவீதத்தினர் கருவில் எக்ஸ்-ரே பட்டவர்கள், ஒற்றைக் குழந்தைகளில் 10 சதவீதத்தினரே. ஆயினும் எக்ஸ்-ரே பட்ட இரட்டையரிடமும் அதே கூடுதல் ஆபத்து தெரிந்ததை ஆர். எச். மோல் 1974-இல் சுட்டிக்காட்டினார். 1997-இல் டாலே, ரிச்சர்ட் வேக்ஃபோர்டுடன் எழுதிய ஆய்வுரையில், 10 மில்லிகிரே அளவிலான கதிர்வீச்சும் கருவுக்குப் பிற்காலப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் என்று ஏற்றுக்கொண்டார். ஸ்டூவர்ட்டின் முதல் கட்டுரைக்கும் அதற்கும் இடையே 41 ஆண்டுகள்.

மருத்துவமனைகளின் நடைமுறை இந்த வாதம் முடியும் வரை காத்திருக்கவில்லை. மாதவிடாய் தொடங்கிய முதல் 10 நாட்களுக்குள் மட்டுமே பெண்களுக்கு அவசரமற்ற வயிற்று எக்ஸ்-ரே எடுக்கலாம் என்ற 'பத்து நாள் விதி' 1960களில் பரவியது. கர்ப்பம் தரித்ததே தெரியாத நாட்களையும் தவிர்ப்பது அதன் நோக்கம். நடைமுறையில் அது மிகவும் சிரமமாக இருந்தது. முதல் சில வாரங்களின் ஆபத்து எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்றும் தெரிந்தது. 1980களில் விதி தளர்ந்து, மாதவிடாய் தள்ளிப்போயிருக்கிறதா என்று கேட்பதே போதும் என்றானது. இதற்கிடையில் கிளாஸ்கோவில் இயன் டொனால்டும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய அல்ட்ராசவுண்ட், 1958-க்குப் பிறகு கர்ப்பிணிகளை எக்ஸ்-ரே மேசையிலிருந்து பெருமளவு விடுவித்தது. இந்தியாவில் அதே அல்ட்ராசவுண்டுக்கு முன்னும் ஒரு படிவம் உண்டு. அது கதிர்வீச்சுக்கு அஞ்சியதல்ல. பெண் சிசுக்களை அழிப்பதைத் தடுக்க வந்த 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நிரப்பப்படுவது.

எண்களையும் அளந்து பார்க்க வேண்டும். கருவுக்கு 10 மில்லிகிரே பட்டால், டால்-வேக்ஃபோர்ட் கணக்கின்படி கூடுதலாகப் புற்றுநோய் வருவது 10,000 குழந்தைகளில் ஏறத்தாழ 6 பேருக்கு. தாயின் மார்பு எக்ஸ்-ரேயில் கருவைச் சேரும் அளவோ 0.01 மில்லிகிரேக்கும் குறைவு. நுரையீரலில் இரத்தக்கட்டி என்று சந்தேகிக்கப்படும் கர்ப்பிணிக்குப் பயத்தால் படமெடுக்க மறுப்பது, எடுப்பதைவிடப் பன்மடங்கு ஆபத்தானது. கதவில் தொங்கும் 'கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்கவும்' என்ற பலகை, எடுக்க மாட்டோம் என்று சொல்லவில்லை.

காந்த அறை

எம்.ஆர்.ஐ. வந்தபோது, கதிர்வீச்சு இல்லாததால் ஆபத்தும் இல்லை என்று பலர் கருதினர். வழக்கமான 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தப்புலத்தைப் போலச் சுமார் 30,000 மடங்கு வலிமையானது; படமெடுக்காத நேரத்திலும் அது அணைவதில்லை. கண்ணுக்குள் இரும்புத் துகள் இருந்த ஓர் உலோகத் தகட்டுத் தொழிலாளி ஸ்கேனின்போது பார்வையை இழந்தது 1986-இல் மருத்துவ இதழில் பதிவானது. வெல்டிங், லேத் வேலை செய்தவரா என்று இன்று கேட்பதும், ஆம் என்றால் முதலில் கண்ணுக்கு எக்ஸ்-ரே எடுப்பதும் அதன் விளைவு. மூளை இரத்தக்குழாயில் காந்தத்தால் ஈர்க்கப்படும் கிளிப் பொருத்தப்பட்டிருந்த ஒருவர், ஸ்கேனுக்கு ஆயத்தமாகும்போதே இரத்தக்குழாய் கிழிந்து இறந்தது 1993-இல் வெளியான அறிக்கை.

நோயாளியிடம் மட்டும் கேட்பது போதாது என்பதும் தெரிந்தது. 2001-இல் நியூயார்க் மாநிலத்தில், உள்ளே கொண்டுவரப்பட்ட ஆக்சிஜன் உருளை பாய்ந்து தாக்கி 6 வயதுச் சிறுவன் இறந்தான். அடுத்த ஆண்டு அமெரிக்கக் கதிரியல் கல்லூரி எம்.ஆர்.ஐ. பாதுகாப்பு நெறிகளை வெளியிட்டது. 2018 ஜனவரியில் மும்பையில் நோயாளிக்குத் துணையாக வந்த உறவினர் ஒருவர், ஆக்சிஜன் உருளையுடன் அறைக்குள் நுழைந்து உயிரிழந்தார்.

எம்.ஆர்.ஐ.யில் ஏற்றப்படும் கடோலினியம் மருந்து 1988 முதல் புழக்கத்தில் இருந்தது. சிறுநீரகம் செயலிழந்த சிலருக்குத் தோல் மரத்தைப் போல இறுகிப் போனதற்கு அந்த மருந்தே காரணமாகலாம் என்று ஆஸ்திரிய மருத்துவர் ஒருவர் 2006-இல்தான் கவனித்தார். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அந்த மருந்தைத் தவிர்த்தும், உடலில் சிதையாத புதிய வகைகளுக்கு மாறியும் வந்த பின் அந்த நோய் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

தேவை முடிந்த கேள்விகள்

சி.டி. ஸ்கேனில் ஏற்றப்படும் அயோடின் மருந்துக்கு முன், இறால், நண்டு சாப்பிட்டால் ஒவ்வாமை வருமா என்று இன்றும் பல இடங்களில் கேட்கிறார்கள். கடல் உணவில் அயோடின் இருக்கிறது, எனவே அதற்கு ஒவ்வாதவருக்கு மருந்தும் ஒவ்வாது என்ற பழைய ஊகம் அது. உண்மையில் இறால் ஒவ்வாமைக்குக் காரணம் அதன் தசையில் உள்ள ஒரு புரதம். அயோடினுக்கு அதில் பங்கில்லை. முன்பு இதே வகை மருந்து ஏற்றியபோது ஒவ்வாமை வந்ததா என்பதே பயனுள்ள கேள்வி.

நோயாளியின் இனப்பெருக்க உறுப்புகளை ஈயக் கவசத்தால் மூடும் வழக்கத்தையும் கைவிடலாம் என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019-இல் அறிவித்தது. இன்றைய இயந்திரங்களின் கதிர்வீச்சு அளவு மிகவும் குறைந்துவிட்டது. இடம் மாறி வைத்த கவசம் பார்க்க வேண்டிய பகுதியை மறைத்து மறுபடியும் படமெடுக்க வைக்கிறது. தானியங்கிக் கட்டுப்பாட்டின் மேல் கவசம் விழுந்தால் இயந்திரமே கதிர்வீச்சைக் கூட்டிவிடுகிறது. பல ஆண்டுகளாகக் கவசத்தைக் கேட்டு வாங்கிப் பழகிய நோயாளிகளுக்கு இதை விளக்குவதுதான் இப்போது கதிரியல் பணியாளர்களுக்குக் கடினமாக இருக்கிறது.