கோப்பை ஏற்றுவது ஏன் தனி வித்தையானது?

வெப்சைட் செய்யப் பழகுகிற ஆக்களை முதலில் குழப்புவது எச்.டி.எம்.எல் இல்லை. எழுதின பக்கம் தன்ர கொம்பியூட்டரில் வடிவாத் தெரியும். ஆனால் அடுத்த ஊரில் இருக்கிற சிநேகிதிக்குக் காட்ட வழியிராது. அதுக்கு வேறொரு மென்பொருள் வேணும், சேர்வரின் முகவரி வேணும், பாஸ்வேர்ட் வேணும், பிறகு சரியான ஃபோல்டரைத் தேடிக் கோப்புகளை இழுத்துப் போட வேணும். வாசிக்க ஒன்று, ஏற்ற இன்னொன்று. ஏன் இப்படி? கலைப்பீடத்துக்காரரான எங்களுக்கு இந்தக் கேள்வி பிடித்துப்போனதுக்குக் காரணம், இதன் பதில் கணினிக்குள்ள இல்லை, வரலாற்றுக்குள்ள கிடக்கு.

ஏற்றுகிற முறையான எஃப்.டி.பி, வெப்பைவிட வயதில் மூத்தது. அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குப் போன அபய் பூஷண் 1971 ஏப்ரலில் அதன் முதல் வரைவை எழுதினார். அப்போ இருந்தது ஆர்பாநெற் என்ற ஆய்வு வலையமைப்பு. அதில் இணைந்திருந்த கணினிகளே சொற்பம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாதி. எழுத்துகளைச் சேமிக்கிற விதமும் வேறவேற. அதனால எழுத்துக் கோப்பை மாற்றி அனுப்ப ஒரு முறையும், மற்றதை அப்படியே அனுப்ப இன்னொரு முறையும் வைத்தார்கள். இருபது, முப்பது வருசம் கழித்து வெப்சைட் பழகினவர்கள் ஒரு படத்தை எழுத்து முறையில ஏற்றிப்போட்டு, அது ஏன் சிதைந்து தெரியுது என்று தலையைப் பிய்த்ததுக்கு மூலம் இதுதான். பாஸ்வேர்ட்கூட மறைக்கப்படாமல் வெறுமனே போனது. ஒருத்தரையொருத்தர் அறிந்த சின்ன ஆய்வு உலகத்துக்கு அது போதுமாயிருந்தது.

ரிம் பேர்னர்ஸ்-லீ 1990இல் சேர்ன் ஆய்வுகூடத்தில் எழுதிய முதல் பிரவுசரில், வாசிக்கிற ஜன்னலிலேயே பக்கத்தைத் திருத்தவும் முடிந்தது. (சேர்வராக ஓடின அவருடைய நெக்ஸ்ற் கணினியில், இதை நிறுத்த வேண்டாம் என்று கையால எழுதி ஒட்டியிருந்தார்.) ஆனால் அந்த பிரவுசர் நெக்ஸ்ற் கணினியில மட்டும்தான் ஓடியது. 1993இல் வந்து உலகமெல்லாம் பரவின மொசெய்க், வாசிப்பதற்கான கருவி. எழுதுகிற பாதி அதில இல்லை. அந்த இடைவெளியைத்தான் பழைய எஃப்.டி.பி நிரப்பியது. வாசகரும் எழுதுபவரும் பிரிந்தது இங்கேதான் என்பது எங்கட வாசிப்பு.

1994இல் தொடங்கின ஜியோசிற்றீஸ் சாதாரண ஆக்களுக்கு இலவசமாக இடம் கொடுத்தது. தெருவும் வீட்டு இலக்கமும் மாதிரி முகவரிகள், மினுங்குகிற படங்கள். ஏற்றப் பழகின எத்தனையோ பேருக்கு அதுதான் பள்ளிக்கூடம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலே யுனிக்ஸ் சேர்வருக்குக் கோப்புப் பெயர் வேறு என்பதையும், தன்ர மெஷினில இருக்கிற படத்தின் பாதையைக் கொடுத்தால் மற்றவருக்குத் தெரியாது என்பதையும் அடிபட்டுத்தான் படித்தார்கள்.

தமிழில ஏற்றினவர்களுக்கு வேலை இரட்டிப்பு. யுனிகோட் பரவ முதல், பக்கத்தோட பாமினி மாதிரியான ஃபொண்டையும் சேர்வரில போட்டு, முதலில் இதை இறக்குங்கோ என்று வாசகருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஃபொண்ட் இல்லாதவருக்குத் தெரிந்தது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். அப்படியான பழைய பக்கமொன்றை இன்றைக்குத் திறந்தாலும் அதேதான்: கோப்பு பத்திரமாக இருக்கு, தமிழ் தெரியாது.

2021இல் குரோமும் பயர்பொக்ஸும் எஃப்.டி.பி.யைத் தூக்கிவிட்டன. பாஸ்வேர்டை மறைத்து அனுப்புகிற எஸ்.எஃப்.டி.பி.தான் இப்போ பழகவேண்டியது. பழசுக்காக நாங்கள் அழப்போவதில்லை, அது பாதுகாப்பில்லாதது. ஆனால் அந்த முறையில ஏற்றினவருடைய மூலக்கோப்பு வீட்டு ஃபோல்டரிலயும் கிடந்தது. ஃபேஸ்புக்கில எழுதுகிற எங்களில எத்தனை பேரிடம் அந்த ஃபோல்டர் இருக்கு?

ஜியோசிற்றீஸை 1999இல் வாங்கின யாகூ, 2009 ஒக்ரோபரில் அமெரிக்காவில் அதை மூடியது. கணினியில பிரதி வைத்திருந்தவர்களுக்கு வேறொரு சேர்வரில ஏற்ற வழி இருந்தது. மற்றவர்களுடைய பக்கங்களில முடிந்தளவை, ஆர்க்கைவ் ரீம் என்ற தன்னார்வலர்கள் மூட முதல் ஓடி ஓடிப் பிரதியெடுத்து, அடுத்த வருசம் டொரண்டாக வெளியிட்டார்கள்.