கோயிலா, தீம் பார்க்கா? டிக்கெட் வாங்கும் ஆன்மிகப் பூங்காவுக்கு வரி உண்டா?

நீங்கள் லாலாகுடாவில், ரயில்வே ஒர்க்‌ஷாப் பக்கம் குடியிருப்பவர் என்று வைத்துக்கொள்வோம். ஊரிலிருந்து வந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முச்சிந்தலுக்குப் போகிறீர்கள். அங்கே 216 அடி உயரத்தில் ராமானுஜர் அமர்ந்திருக்கிறார். சுற்றிலும் 108 திவ்ய தேசங்களின் மாதிரிச் சன்னதிகள், நடுவே இசை நீரூற்று. உள்ளே போகும் முன் டிக்கெட் கவுண்டர். "சாமி கும்பிட எதுக்கு டிக்கெட்டு?" என்கிறார் அம்மா. சிறப்பு தரிசனச் சீட்டுக்குப் பழகிப்போன நமக்கே கொஞ்சம் யோசிக்க வைக்கிற கேள்விதான்.

2022 பிப்ரவரி 5 அன்று பிரதமர் மோதி இந்தச் சிலையைத் திறந்துவைத்தபோது, அது சீனாவில் செய்யப்பட்டது என்ற சர்ச்சைதான் பெரிதாக ஓடியது. ஆனால் இதுபோன்ற எல்லா இடங்களுக்கும் பொருந்தும் இன்னொரு கேள்வி இருக்கிறது. இது வழிபாட்டுத் தலமா, கட்டணம் வாங்கும் பொழுதுபோக்கு இடமா? வரித்துறைக்கு இரண்டும் ஒன்றல்ல.

சட்டம் எங்கே கோடு போடுகிறது?

பதிவுபெற்ற அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்கோ சமயப் பணிக்கோ செலவிட்டால், பொதுவாக வருமான வரி கிடையாது. கூடவே ஒரு தொழிலும் நடத்தினால், அது அந்த நோக்கத்துக்குத் துணையானதாக இருக்க வேண்டும்; கணக்கும் தனியாக வைக்க வேண்டும்.

ஜிஎஸ்டியில்தான் சுவாரசியம். மதச் சடங்கு நடத்தித் தருவதற்கு வரி இல்லை. அருங்காட்சியக நுழைவுக்கும் இல்லை. தீம் பார்க் நுழைவுக்கோ 18 சதவீதம் (2018 ஜனவரி வரை 28). அறக்கட்டளை தன் வழிபாட்டுத் தல வளாகத்தில் விடும் அறையின் வாடகை நாளுக்கு 1,000 ரூபாயைத் தொட்டாலோ, கல்யாண மண்டப வாடகை நாளுக்கு 10,000 ரூபாயைத் தொட்டாலோ விலக்கு போய்விடும். ஆக, ஒரே வளாகத்தில் அர்ச்சனைக்கு ஒரு கணக்கு, ரைடுக்கு ஒரு கணக்கு. டெல்லி அக்‌ஷர்தாமில் இந்தப் பிரிவை நீங்களே பார்க்கலாம்: கோயிலுக்குள் நுழைவு இலவசம், கண்காட்சிக்கும் படகுப் பயணத்துக்கும் கட்டணம்.

கோர்ட்டு வரை போன பூங்கா

இந்த விவாதம் முழுசாக நடந்து முடிந்த இடம் அமெரிக்காவின் ஆர்லாண்டோ. டிஸ்னி வேர்ல்டு இருக்கும் அதே ஊர்தான். 2001-ல் அங்கே 'ஹோலி லேண்ட் எக்ஸ்பீரியன்ஸ்' திறக்கப்பட்டது. பழைய எருசலேமை மாதிரியாகக் கட்டி, இயேசுவின் கதையை நாடகமாகப் போட்டார்கள். நுழைவுக் கட்டணம் உண்டு. "இது தேவாலயம் இல்லை, தீம் பார்க், சொத்து வரி கட்டுங்கள்" என்றார் ஆரஞ்சு கவுண்டியின் சொத்து மதிப்பீட்டு அதிகாரி. "நாங்கள் செய்வது ஊழியம்" என்றது பூங்கா. 2005-ல் தீர்ப்பு பூங்காவுக்குச் சாதகமாக வந்தது. மறு வருஷம் ஃபுளோரிடா சட்டமன்றம், விவிலியக் கையெழுத்துச் சுவடிகளைக் காட்சிக்கு வைக்கும் லாபநோக்கற்ற இடங்களுக்கு வரிவிலக்கு என்று சட்டமே போட்டது. பெயர் சொல்லாவிட்டாலும் யாருக்காக என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

அதில் ஒரு நிபந்தனையும் வந்தது: வருஷத்தில் ஒரு நாளாவது இலவச அனுமதி. அந்த ஒரு நாளுக்குக் கூட்டம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

விலக்கு கிடைத்தும் பூங்கா நிலைக்கவில்லை. 2021-ல் அந்த நிலத்தை 3.2 கோடி டாலருக்கு ஒரு மருத்துவமனைக் குழுமம் வாங்கியது.

சரி, நமக்கு என்ன?

சொத்து வரி என்பது குப்பை அள்ளவும் சாலை போடவும் தெருவிளக்கு எரியவும் போகிற பணம். பெரிய வளாகம் ஒன்று விலக்கு வாங்கினால், அந்தப் பங்கைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சுமக்க வேண்டிவரும் என்பது எதிர்த்தரப்பு. பக்தர் கொடுத்த காணிக்கையில் அரசு கைவைக்கலாமா என்பது ஆதரவுத் தரப்பு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் டிக்கெட் வாங்கிக் காட்டும் லேசர் ஷோவைக் காணிக்கைக் கணக்கில் சேர்ப்பது கொஞ்சம் அதிகம்தான்.

அடுத்த முறை போகும்போது ரசீதைப் பாருங்கள். அதில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று தனித்தனியாகப் போட்டிருந்தால், உங்களுக்கு விற்றது வரிக்கு உட்பட்ட சேவை என்று அந்த நிறுவனமே கணக்கு காட்டுகிறது என்று அர்த்தம்.