பாரிஸில் ஓர் அரசியல் பள்ளி

கலெக்டர் ஆபீசிலும் கோர்ட்டிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சிலர் இப்போது கல்லூரிகளுக்குப் போய் மாணவர்களிடம் பேசுகிறார்கள். இந்தப் பழக்கத்துக்குப் பழைய கதை ஒன்று உண்டு.

1870-71 போரில் பிரஷ்யாவிடம் பிரான்ஸ் தோற்றது. தோற்றது படை மட்டுமல்ல, படிப்பும்தான் என்று அங்கே பலரும் நினைத்தார்கள். கட்டடக்கலைப் பள்ளி ஒன்றில் வரலாறு நடத்திவந்த எமில் பூட்மி (நம்ம ஜாதி, வாத்தியார்!) 1872-இல் பாரிஸில் ஒரு தனியார் அரசியல் பள்ளியைத் தொடங்கினார். தூதரக அதிகாரி, நிதித்துறை அதிகாரி என்று பதவியில் இருந்தவர்களே அங்கே வந்து பாடம் நடத்தினார்கள். பட்ஜெட் எப்படித் தயாராகிறது என்பதைத் தயாரிப்பவர் வாயாலேயே கேட்பது சும்மாவா? 1895-இல் லண்டன் பொருளியல் பள்ளியைத் தொடங்கிய சிட்னி வெப் குழுவினருக்கும் இது ஒரு முன்மாதிரி.

ஆனால் சம்பளம் கட்ட வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் படித்தார்கள். பெண்களுக்கு 1919 வரை இடமில்லை. உயர்பதவித் தேர்வுகளை அந்தந்தத் துறையே தனித்தனியாக நடத்தியது. தேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தப் பள்ளிக்காரர்கள். வகுப்பெடுக்க வந்தவர்கள் தெரிந்த பிள்ளைகளுக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1945-இல் தெ கோல் அரசு அந்தப் பள்ளியை நாட்டுடைமையாக்கியது. உயர் அதிகாரிகளுக்குப் பொதுவான தேர்வுடன் தேசிய நிர்வாகப் பள்ளியும் வந்தது. அதிலும் பழைய பள்ளியின் மாணவர்களே அதிகம் நுழைந்தார்கள். ஏழ்மையான பகுதிப் பள்ளிகளின் பிள்ளைகளுக்குப் பூட்மியின் பள்ளி தனி நுழைவு வழி திறந்தது 2001-இல்தான்.