மின்காந்த நிழற்பட்டை

மின்காந்த அலைகள் அனைத்தையும் அவற்றின் அதிர்வெண் அல்லது அலைநீள வரிசையில் அடுக்கிக் காட்டும் தொகுப்பு மின்காந்த நிழற்பட்டை எனப்படும். வானொலி அலைகள், நுண்ணலைகள், அகச்சிவப்புக் கதிர்கள், கண்ணுக்குப் புலனாகும் ஒளி, புற ஊதாக் கதிர்கள், எக்ஸ்-கதிர்கள், காமாக் கதிர்கள் ஆகியன இதன் பிரிவுகளாகும். இவை யாவும் ஒரே வகை அலைகளே. இவற்றின் பண்புகள், பயன்கள், உயிர்கள் மீதான விளைவுகள் ஆகியவை வேறுபடுவதற்கு அதிர்வெண் வேறுபாடே அடிப்படைக் காரணமாகும்.

அலையின் அடிப்படைப் பண்புகள்

ஓரிடத்தில் தோன்றும் அதிர்வு ஆற்றலைச் சுமந்துகொண்டு பரவுவது அலை ஆகும். குளத்தில் கல்லை எறிந்தால் வளையங்கள் கரை நோக்கி நகர்கின்றன. ஆனால் நீரில் மிதக்கும் இலை ஏறத்தாழ இருந்த இடத்திலேயே மேலும் கீழும் அசைகிறது. பரவிச் செல்வது நீரன்று, அதிர்வே.

* அலைநீளம்: அடுத்தடுத்த இரு முகடுகளுக்கு இடைப்பட்ட தொலைவு.
* அதிர்வெண்: ஒரு நொடியில் ஒரு புள்ளியைக் கடக்கும் அலைகளின் எண்ணிக்கை. இதன் அலகு ஹெர்ட்ஸ்.
* வீச்சு: நடுநிலையிலிருந்து அதிர்வு அடையும் பெரும அளவு.

இவற்றுள் முதலிரண்டும் பின்வருமாறு தொடர்புடையன:

அலையின் வேகம் = அதிர்வெண் × அலைநீளம்

ஒலி பரவுவதற்கு ஊடகம் தேவை. மின்காந்த அலையில் அதிர்பவை ஒன்றுக்கொன்று செங்குத்தான மின்புலமும் காந்தப்புலமும் ஆதலால், அது வெற்றிடத்திலும் பரவும். அங்கு அதன் வேகம் நொடிக்கு 299,792,458 மீட்டர். எடுத்துக்காட்டாக, 100 மெகாஹெர்ட்ஸ் பண்பலை வானொலியின் அலைநீளம் ஏறத்தாழ 3 மீட்டர், 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் நுண்ணலை அடுப்பின் அலைநீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர்.

வரலாறு

1800 இல் வில்லியம் ஹெர்ச்செல், முப்பட்டகத்தால் பிரித்த சூரிய ஒளியின் நிறங்களில் வெப்பமானிகளை வைத்து ஆராய்ந்தார். சிவப்புக்கு அப்பால், ஒளியே தெரியாத இடத்திலும் வெப்பநிலை உயர்ந்தது. அகச்சிவப்புக் கதிர்கள் இவ்வாறு கண்டறியப்பட்டன. 1801 இல் யோகான் ரிட்டர், ஊதாவுக்கு அப்பால் வெள்ளிக் குளோரைடு விரைவாகக் கறுப்பதைக் கண்டு புற ஊதாக் கதிர்களை அறிந்தார்.

1865 இல் வெளியான கட்டுரையில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், ஒளி ஒரு மின்காந்த அலை என்று கோட்பாட்டளவில் காட்டினார். 1887 இல் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் ஆய்வகத்தில் வானொலி அலைகளை உண்டாக்கி அக்கோட்பாட்டுக்குச் சான்றளித்தார். 1890களில் ஜகதீஷ் சந்திர போஸ், கல்கத்தாவில் சில மில்லிமீட்டர் அலைநீளமுள்ள அலைகளைக் கொண்டு சோதனைகள் செய்தார். எக்ஸ்-கதிர்களை 1895 இல் ராண்ட்ஜனும், காமாக் கதிர்களை 1900 இல் பால் வில்லார்டும் கண்டறிந்தனர்.

பிரிவுகள்

கீழுள்ள எல்லைகள் தோராயமானவை. அண்டைப் பிரிவுகள் ஒன்றோடொன்று கலந்தே காணப்படும்.

* வானொலி அலைகள்: 1 மீட்டருக்கு மேல். ஒலிபரப்பில் பயன்படுவன.
* நுண்ணலைகள்: 1 மில்லிமீட்டர் முதல் 1 மீட்டர் வரை. கைபேசி, ராடார், நுண்ணலை அடுப்பு.
* அகச்சிவப்புக் கதிர்கள்: 700 நானோமீட்டர் முதல் 1 மில்லிமீட்டர் வரை. மனித உடலும் இவற்றை வெளியிடுகிறது.
* புலனாகும் ஒளி: 400 முதல் 700 நானோமீட்டர் வரை.
* புற ஊதாக் கதிர்கள்: 10 முதல் 400 நானோமீட்டர் வரை.
* எக்ஸ்-கதிர்கள்: 0.01 முதல் 10 நானோமீட்டர் வரை.
* காமாக் கதிர்கள்: பெரும்பாலும் 0.01 நானோமீட்டருக்கும் குறைவு. இவை அணுக்கருவிலிருந்து தோன்றுவன.

ஆற்றலும் உயிர்கள் மீதான விளைவும்

‘கதிர்வீச்சு’ என்ற ஒரே சொல் இவை அனைத்தையும் குறிப்பதால், எல்லாம் ஒரே வகையில் தீங்கானவை என்ற தவறான எண்ணம் எழுகிறது. மின்காந்த அலையின் ஆற்றல் ஃபோட்டான் எனப்படும் சிறு பொதிகளாகவே பொருளால் உட்கவரப்படுகிறது. ஒரு ஃபோட்டானின் ஆற்றல் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்தில் அமையும். கதிரின் செறிவைக் கூட்டினால் ஃபோட்டான்களின் எண்ணிக்கை கூடுமேயன்றி, ஒவ்வொன்றின் ஆற்றலும் கூடாது.

உயிர்ப்பொருளின் மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரானைப் பெயர்க்க ஏறத்தாழ 10 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் தேவை. இது அயனியாக்கம் எனப்படும். ஊதா ஒளியின் ஃபோட்டானுக்கு ஏறத்தாழ 3 எலக்ட்ரான்வோல்ட் உண்டு. நுண்ணலை அடுப்பின் ஃபோட்டானுக்கோ 0.00001 எலக்ட்ரான்வோல்ட் மட்டுமே. மணலை எத்தனை முறை அள்ளி வீசினாலும் மாங்காய் விழாது. ஒரு கல் போதும். ஆகவே நுண்ணலைகள் அயனியாக்குவதில்லை. எனினும் செறிவு மிகுந்தால் அவை திசுக்களைச் சூடாக்கிச் சுடும். இதனாலேயே அடுப்பின் கதவில் உலோக வலை பொருத்தப்படுகிறது. வலையின் துளைகள் அலைநீளத்தைவிட மிகச் சிறியவை என்பதால் நுண்ணலை வெளியேறாது, ஒளி வெளிவரும்.

எக்ஸ்-கதிர்களும் காமாக் கதிர்களும் அயனியாக்குவன. மரபணுப் பொருளைச் சிதைத்துப் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடியன. எனவே மருத்துவத்தில் இவை தேவையான அளவுக்கே பயன்படுத்தப்படுகின்றன. புற ஊதாக் கதிர்கள் இடைநிலையில் உள்ளன. நிலத்தை அடையும் பகுதி அயனியாக்காவிடினும், மரபணுப் பொருளின் வேதிப் பிணைப்புகளை மாற்றித் தோல் புற்றுநோயை உண்டாக்க வல்லது. கைபேசி அலைகளை உள்ளடக்கிய வானொலி அதிர்வெண் புலங்களை, வரம்புக்குட்பட்ட சான்றுகளின் அடிப்படையில், ‘புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்பு இருக்கலாம்’ என்னும் பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2011 இல் சேர்த்தது.

வளிமண்டலமும் நிழற்பட்டையும்

புவியின் வளிமண்டலம் ஒளியையும் வானொலி அலைகளின் பெரும்பகுதியையும் உள்ளே விடுகிறது. எக்ஸ்-கதிர்களையும் காமாக் கதிர்களையும் தடுக்கிறது. 280 நானோமீட்டருக்குக் குறைந்த புற ஊதாக் கதிர்களை ஓசோனும் ஆக்சிஜனும் உட்கவர்கின்றன. உயிர்களைக் காக்கும் இத்திரையே வானியலாளருக்குத் தடையுமாகிறது. ஆகவே எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கிகள் விண்வெளியில் நிறுவப்படுகின்றன. அவற்றுள் 1999 இல் ஏவப்பட்ட சந்திரா, இயற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியதாகும்.