பிரியாணியை விட வேண்டாம், தேநீரை எண்ணுங்கள்: நெடுந்தூரம் ஓடுவோரின் உணவுக் கணக்கு

ஃபஜ்ர் தொழுகை முடிந்து வெளியே வந்தால், சிட்லபாக்கம் ஏரிக்கரையிலும் வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையிலும் இப்போதெல்லாம் ஓடுபவர்களைப் பார்க்க முடிகிறது. முன்பு விடியற்காலையில் வேகமாக நடப்பவர் என்றால் மருத்துவர் மிரட்டி அனுப்பிய சர்க்கரை நோயாளியாகத்தான் இருப்பார். இன்று ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானைக் குறிவைத்து தாம்பரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் பகுதிகளில் பயிற்சி எடுப்பவர்களில் நம் சகோதரர்களும் இருக்கிறார்கள், சில சகோதரிகளும் இருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், நல்ல மாற்றம்.

ஓட்டம் முடிந்த பிறகு நடப்பதைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது. வியர்வை காய்வதற்குள் டீக்கடை வந்துவிடும். சர்க்கரை தூக்கலாக ஒரு டீ, அதில் நனைத்துச் சாப்பிட இரண்டு பட்டர் பிஸ்கட், சூடாக இருந்தால் ஒரு வடை. "பத்து கிலோமீட்டர் ஓடியாச்சு, எதைத் தின்றாலும் கரைஞ்சிடும்" என்று யாராவது ஒருவர் சொல்வார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். நானும் பல ஆண்டுகள் தலையாட்டியவன்தான்; என் இரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வாங்கும் வரை.

கணக்கைப் பார்த்துவிடுவோம். சமதளத்தில் ஓடும்போது உடல் செலவழிப்பது, தோராயமாக, ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கலோரி. 70 கிலோ எடையுள்ளவர் 10 கிலோமீட்டர் ஓடினால் 700 கலோரி. வேலைக்குப் போய்க்கொண்டே பயிற்சி செய்யும் ஒருவர் வாரத்துக்கு 30 கிலோமீட்டர் ஓடுவதே பெரிது. ஆக வாரம் 2,100 கலோரி.

மறுபக்கம், ஒரு நாளைக்கு நான்கு டீ குடிப்பவர் நம்மில் சாதாரணம். டீக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் சுமார் 10 கிராம். நான்கு டீக்கு 40 கிராம். பாலும் சேர்ந்தால் நான்கும் 350 கலோரியை நெருங்கும். மாலையில் ஒரு சமோசா, அளவைப் பொறுத்து, 200 முதல் 250 கலோரி. இடையிடையே நாலைந்து பிஸ்கட், இன்னொரு 150. ஒரு நாளைக்கு எழுநூறுக்கு மேல், வாரத்துக்கு ஐயாயிரத்துக்கு மேல். வாரம் முழுக்க ஓடிச் செலவழித்ததைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். இதில் பிரியாணி இன்னும் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இங்கேதான் நம்மில் பலர் தவறான எதிரியைப் பிடித்துக்கொள்கிறோம். ஓடத் தொடங்கியதும் முதலில் விடுவது வெள்ளிக்கிழமை பிரியாணியை. ஜும்ஆ முடிந்து வந்து குடும்பமே ஒன்றாக உட்காரும் வேளையில், தனியாக ஒரு கிண்ணம் ஓட்ஸை வைத்துக்கொண்டு முகத்தை இறுக்கிக்கொள்கிறோம். பிரியாணி வாரத்தில் ஒரு வேளை. அன்றைய மதிய உணவுக்குப் பதிலாகத்தான் வருகிறது, அதற்கு மேலாக அல்ல. டீயும் பிஸ்கட்டும் ஏழு நாளும் வருகின்றன, எந்தச் சாப்பாட்டுக்கும் பதிலாக அல்ல.

இது வெறும் எடைப் பிரச்சினையாக இருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. சென்னை நீரிழிவு ஆய்வு அறக்கட்டளையின் மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர் - இண்டியாப் ஆய்வு 2023-இல் வெளியானது. அதன்படி நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல். வயது வந்தோரில் 11.4 சதவீதம். தமிழ்நாட்டில் இது 14.4 சதவீதம். நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருப்போர் நாடு முழுவதும் மேலும் 13 கோடிக்கு மேல். ஒல்லியான உடல், தினசரி ஓட்டம் இரண்டும் இருந்தும் மூன்று மாத சர்க்கரை அளவு 5.7-ஐத் தாண்டி நிற்பவர்கள் உண்டு. ஓடுவது ஆபத்தைக் குறைக்கிறது, துடைத்தெறிவதில்லை. உலக சுகாதார நிறுவனம், சேர்க்கப்படும் சர்க்கரை மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்றும், சுமார் 25 கிராமுக்குள் அடக்கினால் இன்னும் நல்லது என்றும் 2015-இல் சொன்னது. நம் நான்கு டீ அந்த 25-ஐ மதியத்துக்குள் தாண்டிவிடுகிறது.

"கென்ய வீரர்கள் சர்க்கரை போட்ட பால் டீதானே குடிக்கிறார்கள்?" என்று ஓட்டக்காரர்கள் கேட்பதுண்டு. உண்மைதான். கென்யாவின் முன்னணி ஓட்டக்காரர்களின் உணவை ஆராய்ந்து 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்கள் பெறும் சக்தியில் நான்கில் மூன்று பங்கு மாவுச்சத்திலிருந்தே வந்தது. டீயில் கலக்கும் சர்க்கரைக்கும் அதில் நல்ல பங்கு இருந்தது. ஆனால் அவர்கள் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல், நாளுக்கு இரண்டு முறை ஓடுபவர்கள். அந்தச் சர்க்கரை உடலில் தங்க நேரமே இல்லை. நாம் ஓடி முடித்ததும் ரயிலைப் பிடித்து ஏசி அறையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவர்கள். அவர்கள் டீயைக் கடன் வாங்கினால் ஓட்டத்தையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

இனிப்புக்கும் விருந்துக்கும் உரிய இடம்

அப்படியென்றால் இனிப்பே கூடாதா? கூடும். ஓட்டத்தின் நடுவேதான் அது மிகவும் பயன்படுகிறது. தசையிலும் ஈரலிலும் மாவுச்சத்தாக நாம் சேமித்து வைத்திருப்பது 400 முதல் 500 கிராம். ஏறக்குறைய 2,000 கலோரி. முழு மாரத்தானின் 42.195 கிலோமீட்டரில் முப்பதைத் தாண்டும்போது பலருக்குக் கால் கல்லாகிப் போவது இது தீர்வதால்தான். ஆகவே ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் நீளும் ஓட்டங்களில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு வாழைப்பழம் சுமார் 25 கிராம் தரும். சிறிய பேரீச்சை நாலைந்து 30 கிராம் தரும், கொட்டையை எடுத்துவிட்டு ஒரு சிறு பையில் போட்டுக்கொண்டால் போதும். விலை உயர்ந்த ஜெல் பாக்கெட்டுகளில் இருப்பதும் பெரும்பாலும் சர்க்கரைப் பாகுதான். மெல்லும் வகை விளையாட்டு மிட்டாய்களில் ஜெலட்டின் இருக்கலாம் என்பதால் அட்டையைப் படித்து வாங்குங்கள். இந்தியாவில் விற்பதில் பச்சைப் புள்ளி இருந்தால் விலங்கு ஜெலட்டின் இல்லை. இறக்குமதிப் பொருளில் மூலப்பொருள் பட்டியலைப் பார்த்தே ஆக வேண்டும்.

பிரியாணிக்கு ஏற்ற நேரம், நீண்ட ஓட்டம் முடிந்த அன்றைய மதியம். 18 கிலோமீட்டர் ஓடி வந்தவரின் தசைகள் மாவுச்சத்தை ஆவலோடு இழுத்துக்கொள்ளும். 250 கிராம் சோற்றில் 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, இறைச்சியில் புரதம் இருக்கிறது, வியர்வையில் போன உப்பும் திரும்பி வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் என்றால் வீட்டு பிரியாணியை ஞாயிற்றுக்குத் தள்ளலாம். வெள்ளிக்கிழமையை விட முடியாத வீடு என்றால் நீண்ட ஓட்டத்தை வெள்ளி காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிரியாணியை நகர்த்துவதை விட ஓட்டத்தை நகர்த்துவது பல வீடுகளில் எளிது. தயிர் வெங்காயத்தையும் கத்தரிக்காயையும் தாராளமாக எடுங்கள். பிரெட் அல்வா இரண்டு கரண்டி போதும்.

ஓட்டத்துக்கு முந்தைய இரவு மட்டும் வேண்டாம். எண்ணெயும் மசாலாவும் செரிக்க நேரமாகும். காலை ஏழாவது கிலோமீட்டரில் வண்டலூர் சாலையில் கழிவறை தேடி அலைந்தவர்களுக்கு இது புரியும். அன்றைக்கு இடியாப்பம், சோறு ரசம், மெல்லிய குழம்பு. பாயாவைக் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வலீமா விருந்துகள்தான் சங்கடம். "இன்னும் கொஞ்சம்" என்று கரண்டியோடு நிற்கும் மாமாவிடம் கலோரிக் கணக்கு செல்லாது. காயல்பட்டினம், கீழக்கரைக் குடும்பங்களில் இன்றும் உள்ள சஹன் முறை இதற்கு உதவும் என்பது என் அனுபவம். பலர் ஒரே தட்டில் சாப்பிடும்போது நீங்கள் கையை மெதுவாக்கியதை யாரும் கவனிப்பதில்லை. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டலைப் பள்ளிப் பருவத்திலேயே படித்தவர்கள் நாம். மூச்சுக்கான அந்த ஒரு பங்கு எவ்வளவு பெரியது என்பது நிறைந்த வயிற்றோடு ஓடிப் பார்த்தவருக்குத் தெரியும்.

குறைவாகச் சாப்பிடுவதும் ஆபத்துதான்

எதிர்ப்பக்கத் தவறும் இருக்கிறது, குறிப்பாக இளம் பெண்களிடமும் கல்லூரி மாணவர்களிடமும். ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டே சாப்பாட்டைக் குறைத்தால் முதலில் தூக்கம் கெடும், பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நின்றுவிடும், பிறகு கால் எலும்பில் நுண்ணிய விரிசல் வரும். மாதவிடாய் நிற்பதைக் கடும் பயிற்சியின் அடையாளம் என்று பெருமையாக எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். "ஓடினால்தான் இன்றைக்கு பிரியாணி" என்று பிள்ளைகளிடம் விளையாட்டாகக்கூடச் சொல்லாதீர்கள். உணவு தண்டனையாலோ உழைப்பாலோ சம்பாதிக்க வேண்டியது என்று ஒரு பெண் பிள்ளை பத்து வயதில் கற்றுக்கொண்டால் அதை மறக்கடிக்க இருபது ஆண்டுகள் ஆகும்.

இரத்தசோகையும் இதோடு சேர்ந்தது. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. நெடுந்தூரம் ஓடுவது உடலின் இரும்புச்சத்தை மேலும் கரைக்கும். நம் வீடுகளில் சுவரொட்டியும் ஈரலும் பழக்கமான உணவுகள், வாரம் ஒருமுறை போதும். கர்ப்பிணிகள் ஈரலை மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும். ஆனால் சுவரொட்டி வறுவலைச் சாப்பிட்டுவிட்டு உடனே டீ குடித்தால் பலன் குறைந்துபோகும். டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சாப்பாட்டுக்கும் டீக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுங்கள், சாப்பாட்டோடு எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள்.

டீயை முற்றிலும் நிறுத்தச் சொல்லவில்லை. நான்கை இரண்டாக்கி, இரண்டு தேக்கரண்டியை ஒன்றாக்கினால் 40 கிராம் 10 ஆகிறது. முதல் இரண்டு வாரம் நாக்கு கோபித்துக்கொள்ளும், பிறகு பழைய டீ பாயசம் போலத் தெரியும். ஓடி வந்ததும் தேவைப்படுவது நீரும் உப்பும்தான். சென்னையின் புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருப்பதால் இழப்பு அதிகம்; ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள், ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. உப்பிட்ட மோர் நல்லது. ஓஆர்எஸ் என்ற பெயரைத் தாங்கி விற்கப்பட்ட இனிப்புப் பானங்களுக்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடுத்தது. மருந்துக் கடையில் கேட்கும்போது ஒரு லிட்டரில் கரைக்கும் தூள் பாக்கெட்டைக் கேளுங்கள்.

ரமலானில்

2012 லண்டன் ஒலிம்பிக் ரமலானில் வந்தது. 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற மோ ஃபரா போட்டிக் காலத்தில் நோன்பு நோற்காமல் பின்னர் நோற்றுக்கொள்வதாகச் சொன்னார். அதன் சட்டத்தை ஆலிம்கள் பேசட்டும். நமக்கு வாரம் 30 கிலோமீட்டர்தான், நோன்பை விடும் பேச்சே எழாது. குறைக்க வேண்டியது ஓட்டத்தைத்தான். இவ்வாண்டுகளில் ரமலான் பிப்ரவரி, மார்ச்சில் வருவதால் சென்னையில் நோன்பு 13 மணி நேரத்தைச் சற்றே தாண்டும். இஃப்தாருக்கு அரை மணி முன்பு மெதுவான 4 கிலோமீட்டர் அல்லது தராவீஹுக்குப் பின் கொஞ்சம், அது போதும். நீண்ட ஓட்டங்களை ஷவ்வாலுக்கு ஒத்திவையுங்கள்.

பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியை விடச் சிறந்த உணவை எந்த விளையாட்டு நிறுவனமும் ஓட்டக்காரருக்கு விற்றதில்லை என்பேன். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், கொத்துக்கறி, தேங்காய்ப்பால், உப்பு, நிறைய நீர்; மாவுச்சத்தும் புரதமும் ஒரே கோப்பையில். மூன்று பேரீச்சை, நீர், இரண்டு கோப்பை கஞ்சி என்று தொடங்கி மஃக்ரிப் தொழுதுவிட்டு வந்தால், பக்கத்துத் தட்டில் இருக்கும் வடையும் பஜ்ஜியும் ஒன்றோடு நின்றுவிடும். கஞ்சிக்கு முன்பே வடையில் கை வைத்தால் ஐந்தில் நிற்கும்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் ரமலான் தொடங்கச் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் மருந்தளவை மாற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். நோன்போடு ஓடும்போது கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, பார்வை மங்கல் தெரிந்தால் உடனே நின்று சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் இஃப்தார் பாங்குக்குக் காத்திராமல் நோன்பை முறித்து இனிப்பு எடுக்க வேண்டும் என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள். அந்த நோன்பைப் பின்னர் நோற்றுக்கொள்ளலாம்.